பழனி தந்த இடக்கை: மிருதங்க மேதை சுப்பிரமணிய பிள்ளை

ஊர்க் கோயில் திருவிழாவில் சுவாமி வீதியுலா வரும்போது, நாற்சந்தியில் வாகனத்தை இறக்கி வைத்துவிட்டு விடிய விடிய மேளக்கச்சேரி நடந்ததைக் கேட்டு வளர்ந்தவர்கள் நம் அங்கத்தினரில் பலர். இரண்டு தவில்காரர்கள் எதிரெதிரே நிற்பார்கள். ஒருவர் வாசித்ததை மற்றவர் வாங்கி, அதற்குமேல் ஒரு சொல்லைச் சேர்த்துத் திருப்பிக் கொடுப்பார். முதலாமவர் விடுவாரா? அவரும் இன்னொன்று போடுவார். சுவாமியும் நகர மாட்டார், கூட்டமும் நகராது. ஈழத்து அன்பர்கள் மேளச் சமா என்று சொல்வது இதைத்தான். மறுநாள் முழுவதும் யார் வென்றது என்பதே ஊரில் பேச்சாக இருக்கும்.

இதே போட்டி கச்சேரி மேடையிலும் உண்டு. அங்கே அதற்குத் தனி ஆவர்த்தனம் என்று பெயர். பாடகர் பெரிய உருப்படி ஒன்றைப் பாடி நிறுத்திவிட்டு, தாளத்தை மட்டும் கையில் போட்டுக்கொண்டு, மிருதங்கக்காரருக்கும் கஞ்சிராக்காரருக்கும் மேடையை விட்டுக்கொடுப்பார். நம் ஆலய மண்டபத்துக் கச்சேரிகளில் அது பலர் எழுந்துபோய்க் காப்பி குடிக்கும் நேரம் என்பதை வருத்தத்துடன் சொல்ல வேண்டியிருக்கிறது. (பிரசாதம் தீர்ந்துவிடுமோ என்ற கவலையும் நியாயமானதே!) ஆனால் தனி ஆவர்த்தனத்துக்காகவே ஜனங்கள் டிக்கட் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்த ஒரு காலமும் இருந்தது. அந்தக் காலத்தை உண்டாக்கியவர்களில் பாலக்காடு மணி ஐயரின் பெயர் எல்லோருக்கும் தெரியும். அவருக்கு எதிரே அமர்ந்து, அவருக்குச் சமமாக நின்ற ஒருவரைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு அவ்வளவாகத் தெரியாது. அவர்தான் பழனி சுப்பிரமணிய பிள்ளை.

அவர் 1908-ம் ஆண்டு ஏப்ரல் 20-ம் தேதி பழனியில் பிறந்தார். தண்டாயுதபாணி வீற்றிருக்கும் தலத்தில் பிறந்த குழந்தைக்குச் சுப்பிரமணியன் என்று பெயர் வைத்ததில் ஆச்சரியம் இல்லை. தந்தையார் பழனி முத்தையா பிள்ளை தவிலிலும் மிருதங்கத்திலும் தேர்ந்தவர். அவருடைய குரு புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. இந்தக் குருவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சுப்பிரமணிய பிள்ளையின் கையில் பேசிய கணக்கெல்லாம் அந்த வீட்டுச் சொத்து.

மான்பூண்டியா பிள்ளை இளமையில் புதுக்கோட்டையில் விளக்குப் பிடிக்கும் வேலை பார்த்தவர் என்றும், மாரியப்ப தவில்காரரிடம் லயம் கற்றவர் என்றும் சொல்வார்கள். பஜனைகளிலும் தெருவிலும் தட்டப்பட்டு வந்த ஒரு சிறு தோல் கருவியைக் கச்சேரிக்கு ஏற்றபடி அமைத்துக்கொண்டார். அதுதான் கஞ்சிரா. பலா மரத்தில் கடைந்த ஒரு சாண் வளையம், ஒரு பக்கம் இழுத்து ஒட்டிய உடும்புத் தோல், வளையத்தில் ஒரு துளை, அதில் இரண்டொரு காசு. இவ்வளவுதான் முழு வாத்தியமும். (உடும்பு இந்தியாவில் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பிராணி. ஆகையால் இப்போது வேறு தோலும் செயற்கைத் தோலும் போடுகிறார்கள்.) இந்தச் சிறு கருவியை எடுத்துக்கொண்டு அவர் தஞ்சாவூர் நாராயணசாமி அப்பாவிடம் போனார் என்றும், அப்பா அதை இகழாமல் தம்முடன் வாசிக்க வைத்துக் கேட்டார் என்றும், அதன் பிறகே மற்ற வித்துவான்கள் கஞ்சிராவை ஏற்றார்கள் என்றும் பரம்பரையாகச் சொல்லப்படுகிறது. மிருதங்க உலகில் அப்பாவின் சொல்லுக்கு அன்று மறுசொல் இல்லை.

அப்பாவின் தஞ்சாவூர் வழி, நாதத்தையும் பாட்டைத் தழுவிப் போவதையும் பெரிதாக எண்ணியது. புதுக்கோட்டை வழியோ கணக்கில் நின்றது. தாளத்தின் வட்டத்துக்குள் எதிர்பாராத இடத்தில் புகுந்து, கேட்பவர் மூச்சைப் பிடித்திருக்கும்போது சரியான இடத்தில் வந்து விழுவது அதன் பெருமை. இப்படிப் பிரித்துச் சொல்வது ஓரளவுக்குத்தான் சரி. ஆனால் அக்காலத்து ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடியது உண்மை.

முத்தையா பிள்ளைக்கு வீட்டிலேயே ஒரு சங்கடம் வந்தது. மகனுக்கு லயம் பிறவியிலேயே இருந்தது. ஆனால் அவன் இடக்கைக்காரன்.

இதில் என்ன சங்கடம் என்று இங்கே வளரும் பிள்ளைகள் கேட்பார்கள். மிருதங்கத்துக்கு இரண்டு முகம் உண்டு. வலந்தலையில் நடுவே கறுப்புச் சாதம் இட்டிருக்கும். சுருதி சேர்ப்பது இந்த முகத்தைத்தான். நுட்பமான விரல் வேலையெல்லாம் இங்கேதான். மற்ற முகம் தொப்பி. கச்சேரிக்கு முன்னால் அதன் நடுவில் ரவையைப் பிசைந்து அப்புவார்கள். ஆழ்ந்த, கனமான ஒலி அங்கிருந்து வரும். இடக்கைக்காரர் மிருதங்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, வலந்தலையை இடது கையால் வாசிப்பார். வாசிப்பதில் குறை எதுவும் இல்லை. குறையெல்லாம் உட்காரும் இடத்தில்தான் வந்தது.

மேடையில் பாடகர் நடுவில் சபையைப் பார்த்து அமர்வார். அவருக்கு வலப்பக்கம் மிருதங்கம், இடப்பக்கம் பிடில். இது இன்றும் இருக்கும் வழக்கம். மிருதங்கக்காரர் பாடகரைப் பார்த்தபடி அமரும்போது அவருடைய வலது கை சபைப் பக்கம் இருக்கும். ஆகவே வலந்தலையின் நாதம் நேராக ஜனங்களிடம் போகும். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் இது முக்கியமான விஷயம். இடக்கைக்காரர் அதே இடத்தில் அமர்ந்தால் வலந்தலை பின்சுவரைப் பார்க்கும். தொப்பியின் சத்தம் மட்டும் சபைக்குக் கேட்கும். அதைத் தவிர்க்க அவர் பிடில்காரரின் இடத்துக்குப் போக வேண்டும், பிடில்காரர் இந்தப் பக்கம் வர வேண்டும். பிடில் வித்துவான்கள் இதற்கு இசையவில்லை. பழகிய இடம், பாடகரின் இந்தக் காதருகே வாசித்த பழக்கம், வில் பிடித்த கை எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்ற வசதி என்று காரணங்கள் சொல்லப்பட்டன. ஒரு புதுப் பையனுக்காக நான் ஏன் இடம் மாற வேண்டும் என்ற எண்ணமும் உள்ளே இல்லாமல் இருந்திருக்காது. இடது கை என்றாலே அமங்கலம் என்று எண்ணிய சமூகத்தில் அது கொஞ்சம் கூடுதலாகவே இருந்திருக்கும்.

ஆகவே மகனை வலக்கைக்கு மாற்றிவிடத் தந்தையார் முயன்றார் என்று சொல்கிறார்கள். தகப்பனாரைக் குறை சொல்ல முடியாது. மேடை ஏற்காத மகனைத் தொழிலில் இறக்கினால் அவன் வயிறு என்னாவது என்ற கவலை அவருக்கு. ஆனால் அந்தக் கை மாறவில்லை. சுப்பிரமணியன் இடது கையாலேயே சாதகம் செய்தார். தந்தையிடம் பெற்ற புதுக்கோட்டைப் பாடத்தோடு, மான்பூண்டியா பிள்ளையின் தலைமைச் சீடரான புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளையின் வாசிப்பும் அவருக்கு வழிகாட்டியாக அமைந்தது. மிருதங்கம், கஞ்சிரா இரண்டையும் கற்றார். கஞ்சிரா கற்றது பிற்காலத்தில் எப்படிக் கைகொடுத்தது என்பதைப் பிறகு பார்ப்போம்.

நம் பிள்ளைகளில் இடது கையால் எழுதுகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் இங்கே யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் ஆரத்தி தட்டைத் தொடும்போதும், திருநீறு வாங்கும்போதும், மிருதங்க வகுப்பில் உட்காரும்போதும் வீட்டுப் பெரியவர்கள் கையைத் தட்டிவிடுகிறார்கள். திருநீற்றை வலக்கையில் வாங்குவது மரபு, அது இருக்கட்டும். வாத்தியத்தில் கையை மாற்றச் சொல்வதற்கு முன் இந்த மகானின் சரித்திரத்தை ஒரு தடவை நினைத்துக்கொள்ளலாம்.

சுப்பிரமணிய பிள்ளை இளைஞராகக் கச்சேரி உலகில் நுழைந்தபோது வாய்ப்புகள் எளிதாக வரவில்லை. வித்தையைப் பாராட்டியவர்களும் மேடையில் பக்கத்தில் உட்கார வைக்கத் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்தை உடைத்தவர் செம்பை வைத்தியநாத பாகவதர். யேசுதாஸுக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுத்த குரு என்றால் நம் இளைஞர்களுக்கும் தெரியும். பாலக்காட்டுக்கு அருகே செம்பை கிராமத்தில் 1896-ல் பிறந்தவர், குருவாயூரப்பனின் பரம பக்தர், வெண்கலக் குரல். இளம் வித்துவான்களைத் தூக்கிவிடுவதில் அவருக்கு நிகர் அவரே. பழனி சுப்பிரமணிய பிள்ளையைத் தம் கச்சேரிகளுக்கு வைத்துக்கொண்டார். பிடில்காரர் இடம் மாற மறுத்தால், மாறச் சம்மதிக்கும் பிடில்காரரைத் தேடிக்கொண்டார். பாடகரே பிடிவாதமாக இருக்கும்போது சபாக்காரர்கள் என்ன செய்ய முடியும்? ஒரு தடவை கேட்டவர்கள் மறுதடவை கேட்க விரும்பினார்கள். அதற்குப் பிறகு இடம் மாறி உட்காருவது ஒரு பெரிய விவகாரமாக இல்லாமல் போயிற்று.

வேடிக்கை என்னவென்றால், சுப்பிரமணிய பிள்ளையின் வாழ்நாள் போட்டியாளரையும் சென்னை மேடைக்குக் கொண்டுவந்தவர் இதே செம்பைதான்.

பாலக்காடு மணி ஐயர் 1912-ல் பிறந்தவர். சுப்பிரமணிய பிள்ளைக்கு 4 வயது இளையவர். ஆனால் புகழில் மூத்தவர். சிறுவனாக இருந்தபோதே செம்பையின் கச்சேரிகளில் வாசித்து, பதின்மூன்று பதினான்கு வயதில் பெரிய வித்துவான்களே திரும்பிப் பார்க்கும்படி செய்தவர். அவருக்குக் கையும் சரியான பக்கம், காலமும் சரியான காலம். சாத்தபுரம் சுப்பையரிடம் தொடங்கி, பிறகு தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரிடம் முறையாகக் கற்றார். ஆகவே அவர் நாராயணசாமி அப்பாவின் தஞ்சாவூர் வழியில் வந்தவர். சுப்பிரமணிய பிள்ளை புதுக்கோட்டை வழி. ரசிகர்களுக்குப் போட்டி தயாராகிவிட்டது! அந்த வழிக்காரர்கள் மணியின் பக்கம், இந்த வழிக்காரர்கள் பழனியின் பக்கம்.

ஆனால் வித்துவான்கள் இருவருக்கும் இந்த வேலி அவ்வளவு உயரமாகத் தெரியவில்லை. மணி ஐயர் தம் குருவின் வழியில் வந்திருந்தும், புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளையிடம் அளவு கடந்த பக்தி வைத்திருந்தார். தட்சிணாமூர்த்தி பிள்ளையும் வயதில் பேரன் போன்ற அந்தப் பையனோடு கஞ்சிரா வாசித்து, வாயாரப் பாராட்டியவர். தட்சிணாமூர்த்தி பிள்ளையின் கணக்குகள் மணி ஐயரின் மிருதங்கத்தில் வேறு மெருகோடு ஒலித்தன. ஒரே பெரியவரை இருவரும் மானசீகமாக வணங்கினார்கள், ஒரே பாகவதர் இருவரையும் மேடையேற்றினார். இப்படிப்பட்ட இருவர் எதிரெதிரே உட்கார்ந்தால் அது வெறும் பகைச் சண்டையாக எப்படி இருக்க முடியும்?

தட்சிணாமூர்த்தி பிள்ளையின் காலத்திலேயே மேடைப் போருக்குப் பழக்கப்பட்ட ஜனங்கள்தாம் அவர்கள். காஞ்சிபுரம் நாயனா பிள்ளையின் கச்சேரியை நீதிமன்றத்து வழக்கில் புல் பெஞ்ச் என்றே அழைத்தார்கள். பிடில், மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், டோலக், கொன்னக்கோல் என்று பக்கவாத்தியப் படையே சுற்றி அமர்ந்திருக்கும். நடுவில் பிள்ளையவர்கள் கடினமான பல்லவி ஒன்றை எடுத்து அவர்களைச் சோதிப்பார், அவர்கள் அவரைச் சோதிப்பார்கள். அது ஒரு வீர யுகம். அங்கே பாட்டு எவ்வளவு மிஞ்சியது என்று சில பெரியவர்கள் அப்போதே கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. அதற்குச் சரியான பதிலாக வந்தவர்கள்தாம் மணி ஐயரும் சுப்பிரமணிய பிள்ளையும் என்பது இந்த எளியேனின் கருத்து.

இருவரும் ஒரே மேடையில் வாசிக்கும்போது மணி ஐயர் மிருதங்கம், சுப்பிரமணிய பிள்ளை பெரும்பாலும் கஞ்சிரா. இதைச் சற்று நிதானமாக யோசிக்க வேண்டும். சுப்பிரமணிய பிள்ளை முதன்மையாக மிருதங்கக்காரர். தனியாகப் போனால் முதல் ஸ்தானம் அவருக்கு. தம்மைவிட 4 வயது இளையவருக்கு அடுத்த ஸ்தானத்தில், உபபக்கவாத்தியமாக அமர அவர் சம்மதித்தார். கௌரவம் பார்க்கிறவராக இருந்தால் நடந்திருக்காது. அதனால் அவருக்குக் குறைவு வந்ததா என்றால், இல்லை. கஞ்சிராவிலும் அவருக்கு மிஞ்சியவர் இல்லை என்று ஜனங்கள் தெரிந்துகொண்டார்கள்.

ஆலத்தூர் சகோதரர்கள் கச்சேரி என்றால் இந்த ஜோடிக்கு ஏற்ற களம். சீனிவாச ஐயரும் சிவசுப்பிரமணிய ஐயரும் லய நுட்பம் நிறைந்த பல்லவிகளுக்குப் பேர் போனவர்கள். இவர்கள் பல்லவியை முடித்துத் தனி விட்டதும் என்ன நடக்கும் என்பதை, கேட்ட பெரியவர்கள் சொல்லியும் மிஞ்சியிருக்கும் ஒலிப்பதிவுகளிலிருந்தும் நாம் அறியலாம்.

முதலில் மிருதங்கம் நிதானமாகத் தொடங்கும். ஆதி தாளம் என்று வைத்துக்கொள்வோம். 8 எண்ணிக்கை, எண்ணிக்கைக்கு 4 மாத்திரை வீதம் ஒரு சுற்றுக்கு 32 மாத்திரை. மணி ஐயர் ஒரு கருத்தை எடுத்து, அதை வளர்த்து, ஒரு மோராவில் முடித்து நிறுத்துவார். இப்போது கஞ்சிராவின் முறை. இங்கேதான் நம் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். மிருதங்கத்துக்கு இரண்டு முகம், இரண்டு கை, பத்து விரல். வலந்தலை சுருதியில் நிற்கும். கஞ்சிராவுக்கோ ஒரே முகம், வாசிப்பது ஒரே கை. மற்ற கை கருவியைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்கு நிலையான சுருதியும் இல்லை. தோலில் தண்ணீர் தடவி ஈரத்தை வைத்துத்தான் ஒலியைப் பதப்படுத்த வேண்டும். கொஞ்சம் அதிகமானால் தொளதொளத்துவிடும், காய்ந்தால் கத்தும். பிடித்த கையின் விரலால் தோலை அழுத்தித்தான் கும்காரம் வரவழைக்க வேண்டும். இரண்டு கையால் சொன்ன வாக்கியத்தை ஒரு கையால் திருப்பிச் சொல்ல வேண்டும், அதுவும் கேட்ட மாத்திரத்தில், ஆயத்தமில்லாமல்.

சுப்பிரமணிய பிள்ளை அதை அப்படியே நகல் எடுக்க மாட்டார். மணி ஐயர் கேட்ட கேள்வியின் உள்ளர்த்தத்தைப் பிடித்துக்கொண்டு, கஞ்சிராவுக்கு எது இயல்போ அந்தச் சொற்களில் பதில் சொல்வார். சொல்லிவிட்டு ஒரு சின்ன இடைவெளி விடுவார். அந்த இடைவெளியில் ஒரு சவால் இருக்கும். மணி ஐயர் சிரித்துக்கொண்டு அதை எடுத்துக்கொள்வார். திஸ்ர நடை, கண்ட நடை, மிஸ்ர நடை என்று எண்ணிக்கைக்கு 3, 5, 7 மாத்திரைகளாகத் தாளத்தின் உட்புறம் மாறிக்கொண்டே போகும். வெளியே பாடகர் கை மட்டும் அசையாமல் அதே 8-ஐப் போட்டுக்கொண்டிருக்கும்.

பிறகு குறைப்பு. இருவரும் இரண்டிரண்டு ஆவர்த்தனமாக மாறி மாறி வாசித்தது ஒன்றாகக் குறையும், பிறகு பாதி, பிறகு கால். கடைசியில் ஒருவர் ஒரு சொல், மற்றவர் ஒரு சொல். யார் வாசிப்பது எது என்று கண்ணால் பார்த்தால்தான் தெரியும். பிறகு இருவரும் சேர்ந்து, வேகத்தைக் கூட்டி, பெரிய மோராவும் கோர்வையும் மூன்று தடவை வைத்து, பல்லவி எடுக்கும் இடத்தில் கொண்டுவந்து சேர்ப்பார்கள். எதிரிகளாகத் தொடங்கிய இருவர் ஒரே கையாக முடிக்கும் விளையாட்டு இது. யார் வென்றார் என்று சபை எழுந்து போகும்போது விவாதித்தது. மேடையில் இருந்த இருவரும் அதற்குள் மிருதங்கத்து ரவையைச் சுரண்டி எடுத்து உறையில் போடுவதிலும் கஞ்சிராவைத் துடைப்பதிலும் கவனமாக இருந்திருப்பார்கள்.

நான் இங்கே ஒரு கட்சி எடுத்தால் கோபிக்கக் கூடாது. மணி ஐயரின் வாசிப்பு இடி மின்னல். அவர் உட்கார்ந்தாலே சபை நிமிர்ந்துகொள்ளும். சுப்பிரமணிய பிள்ளையின் வாசிப்பு ஆற்றொழுக்கு. சிக்கலான கணக்கு அதில் இருக்கும், ஆனால் கணக்கு என்று தெரியாது. சர்வலகு என்னும் இயல்பான நடையை இடையறாமல் ஓடவிட்டு, அதற்குள்ளேயே கணக்கை மறைத்து வைப்பார். புதுக்கோட்டை வழியில் வந்தவர் கணக்கைக் காட்டாமல் ஒளித்தார் என்பதுதான் அவருடைய தனிப்பெருமை. தொப்பியில் அவர் வரவழைத்த கும்காரம் வீணையின் கமகம் போல் வளைந்து குழைந்து வரும். வலந்தலையில் அரைச்சாப்பு என்ற சொல் அவர் கையில் பெற்ற மென்மையை இன்றும் மிருதங்கக்காரர்கள் எடுத்துச் சொல்வார்கள்.

பாட்டுக்கு வாசிப்பதில்தான் இந்தக் குணம் நன்றாகத் தெரியும். மதுரை மணி ஐயரின் சுரப் பிரஸ்தாரம் நம்மில் பலர் வீட்டில் ஒலித்துக்கொண்டிருப்பது. அவரும் சர்வலகுவாகச் சுரங்களைக் கோத்துக்கொண்டே போகிறவர். கணக்குப் போட்டுப் பாடுவது அவர் வழியல்ல. அவருக்குச் சுப்பிரமணிய பிள்ளையின் மிருதங்கம் உடன்பிறந்தது போல் ஒட்டிக்கொண்டது. ஜி. என். பாலசுப்பிரமணியத்தின் துரித காலப் பிருகாக்களுக்கும் அவர் வாசித்தார். அந்த வேகத்தில் பாடகரை நெருக்காமல் கூடவே ஓடுவது எளிதல்ல. எங்கே சும்மா இருக்க வேண்டும் என்று தெரிந்தவர் அவர். மிருதங்கக்காரருக்கு அது கடைசியில் வருகிற வித்தை. சிலருக்கு வருவதே இல்லை.

பாலக்காடு மணி, பழனி சுப்பிரமணிய பிள்ளை, இராமநாதபுரம் முருகபூபதி ஆகிய மூவரையும் மிருதங்க மும்மூர்த்திகள் என்று சொல்லும் வழக்கம் வந்தது. இடம் மாறி உட்கார யாரும் இசையாத ஒருவர் அந்த வரிசையில் சேர்ந்தார்.

ஒலிபெருக்கி மேடைக்கு வந்த பிறகு, வலந்தலை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது அவ்வளவு முக்கியமில்லாமல் போயிற்று என்பதையும் கவனிக்க வேண்டும். காரணம் போன பிறகும் முணுமுணுப்பு உடனே போய்விடவில்லை. இன்று இடக்கை மிருதங்கக்காரர் ஒருவர் வந்தால் பிடில்காரர் தாமாகவே எழுந்து மறுபக்கம் உட்கார்ந்துகொள்கிறார். ஒலிபெருக்கியைப் பற்றி மணி ஐயருக்கு வேறு கருத்து இருந்தது. அது நாதத்தைக் கெடுக்கிறது என்று கடைசிக் காலத்தில் அது இல்லாமலே வாசிப்பேன் என்று பிடிவாதம் பிடித்தார். அது இன்னொரு கட்டுரைக்கு உரிய விஷயம்.

1962-ம் ஆண்டு மே 27-ம் தேதி சுப்பிரமணிய பிள்ளை காலமானார். வயது 54. மிருதங்கக்காரர்களுக்கு வித்தை முற்றிக் கனிகிற வயது அது. அவருக்குப் பிறகு 4 ஆண்டுகள் கழித்து, 1966-ல், சென்னை மியூசிக் அகாதெமி முதல் தடவையாக ஒரு மிருதங்க வித்துவானுக்குச் சங்கீத கலாநிதி விருது அளித்தது. பெற்றவர் பாலக்காடு மணி ஐயர். அதுவரை பாடகர்களுக்கும் பிடில், வீணை போன்ற வாத்தியக்காரர்களுக்கும் உரியதாக இருந்த அந்தப் பீடம் லயத்துக்கும் உண்டு என்று ஏற்கப்பட்டது. இன்னும் சில வருஷம் பழனி இருந்திருந்தால் என்று நினைக்காத ரசிகர் அன்று இருந்திருக்க மாட்டார். மணி ஐயர் 1981 மே 30-ம் தேதி மறைந்தார். இருவர் திதிகளும் ஆங்கிலத் தேதிக் கணக்கில் 3 நாள் இடைவெளியில் வருகின்றன.

சுப்பிரமணிய பிள்ளையின் வழி கடல் கடந்து வந்த கதை நமக்கு நெருக்கமானது. அவருடைய மூத்த சீடர்களில் ஒருவர் டி. ரங்கநாதன். நாட்டியத்தில் ஈடு இணையற்ற பாலசரஸ்வதி அம்மையாரின் தம்பி. தமக்கையின் ஆட்டத்துக்கும், அண்ணன் தம்பியர் கச்சேரிகளுக்கும் வாசித்து வந்த அவர், 1963-ல் அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்கு மிருதங்கம் கற்பிக்கச் சென்றார். நம்மவர்கள் பெருந்தொகையாக மேல்நாடுகளில் குடியேறிக் கோயில் கட்டுவதற்கு முன்பே, பனி கொட்டும் ஊரில் வெள்ளைக்கார மாணவர்கள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, புதுக்கோட்டைச் சொற்கட்டுகளை வாயால் சொல்லிப் பழகினார்கள்.

இன்னொருவர் திருச்சி சங்கரன். சிறுவனாக இருந்தபோது சுப்பிரமணிய பிள்ளையிடம் சேர்ந்து, 13 வயதில் குருவுடனேயே ஆலத்தூர் சகோதரர்கள் கச்சேரியில் மேடையேறியவர். குரு மறைந்தபோது அவருக்கு 19 வயதுதான். 1971-ல் கனடாவின் டொராண்டோ நகரில் உள்ள யார்க் பல்கலைக்கழகத்துக்கு வந்து, அங்கே இந்திய சங்கீதப் பாடத்திட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவராகி, பல்லாண்டுகள் பேராசிரியராக இருந்தார். டொராண்டோவில் வளர்ந்த நம் பிள்ளைகள் பலர் அவரிடம் நேராகவோ அவருடைய மாணவர்களிடமோ பாடம் கேட்டிருக்கிறார்கள். 2011-ல் அவருக்குச் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது.

மிருதங்கம் கற்கும் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. குருவும் சீடனும் எதிரெதிரே உட்கார்ந்துதான் பாடம் நடக்கும். குரு வலக்கைக்காரராக இருந்தால் சீடனுக்கு எல்லாம் குறுக்காகத் தெரியும். அவர் கை எந்தப் பக்கம், என் கை எந்தப் பக்கம் என்று ஆரம்பத்தில் குழம்பிப்போவான். பழனியின் எதிரில் உட்கார்ந்த வலக்கை மாணவனுக்கு அந்தக் குழப்பம் இல்லை. கண்ணாடிக்கு முன் உட்கார்ந்தது போல, குருவின் வலந்தலைக்கு நேர் எதிரே அவனுடைய வலந்தலை இருக்கும். அவர் விரல் அசைந்த பக்கமே அவன் விரலும் அசையும்.